படிவத்தின் மூலையில் ஓர் எண்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கோவை உக்கடத்தில் நான் தங்கியிருந்த விடுதியின் சன்னலைத் திறந்தால் பெரியகுளம் தெரியும். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது, சாரல் இல்லை. ஐந்தேகாலுக்கு முகச்சவரம். ஐந்தரைக்கு முந்தைய நாள் குறிப்பைப் படித்து இரண்டு இடத்தில் திருத்தினேன். ஆறு மணிக்குக் கீழே உள்ள கடையில் பாதிச் சர்க்கரை போட்ட காபி. ஆறேகால் முதல் ஏழரை வரை, கொண்டுவந்திருந்த இருநூறு படிவங்களுக்கும் வலது மேல் மூலையில் பென்சிலால் எண் போட்டேன், ஒன்று முதல் இருநூறு வரை.

கெட்டிப் பென்சில். அழுத்தித்தான் எழுத வரும் எனக்கு. ஒரு தாள் குறைந்தால் எந்தத் தாள் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் எண். எங்கள் ஊரான ஈப்போவில் பதினொரு வருடமாக இப்படித்தான் செய்கிறேன். இதுவரை ஒரு தாளும் தொலைந்ததில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் கள ஆய்வு உதவியாளன். கேள்விகளைத் தயாரிப்பது பேராசிரியர். மக்களிடம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருவது நான். இந்த முறை அளக்க வேண்டியது, மற்றவர்களிடமிருந்து தான் வேறுபட்டிருப்பதாக உணர ஒரு மனிதருக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதை. பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அதிகபட்ச மொத்தம் அறுபது. பேர் எழுதத் தேவையில்லை. எங்கள் ஊர்த் தோட்டங்களில் முடித்தாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொங்குநாட்டிலும் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எட்டு மணிக்குச் சிவகாமி வந்தார். இங்கே எனக்கு அமர்த்தித் தந்திருந்த துணை. நாற்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். படிவத்தை முதல் தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், 'தனித்துவ உணர்வு'ன்னு போட்டிருக்குதுங்க. இதை நான் படிச்சா எங்க சனம் ஜாதகம் பாக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கும்."

எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "மத்தவங்களாட்டம் இருக்கறது உங்களுக்குப் புடிக்குமுங்களா, புடிக்காதுங்களா? அவ்வளவுதானுங்க" என்றார். பேராசிரியரின் வாக்கியத்தைவிட அது நன்றாக இருந்தது. குறித்துக்கொண்டேன்.

சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டோம். எங்கள் ஊர் இடியப்பத்தின் நெருங்கிய உறவு. ஆனால் இது மெல்லியது, வாயில் வைத்தால் நிற்காது. கடைக்காரர் இரண்டாவது தடவை கேட்காமலே வைத்தார். போதும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. இந்த ஊரில் போதும் என்று மூன்று தடவை சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பத்தரைக்குச் சரவணம்பட்டி. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அறுபது பேர். எல்லாருடைய கழுத்திலும் ஒரே நிறப் பட்டை, ஒரே அளவு அட்டை. ஒரு பையன் எழுந்து, இதில் அதிகமாக வந்தால் நல்லதா, குறைவாக வந்தால் நல்லதா என்று கேட்டான். நல்லது கெட்டது இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குங்க சார் அளக்கறீங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறுபது பேரில் பெரும்பாலோர் நான்கும் ஐந்தும் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால், அவர்களில் பாதிப்பேர் தள்ளுவண்டியில் ஒரே மாதிரிக் காளானை ஒரே மாதிரித் தட்டில் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். சிவகாமி எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். காளானைவிட முட்டைக்கோசு அதிகம். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஈரோடு. போகும்போது பெருந்துறைக்கு முன்னால் பஸ்ஸின் பெல்ட் அறுந்துவிட்டது. எல்லாரும் இறங்கிச் சாலையோரம் காற்றில் நின்றோம். பக்கத்தில் வாழைத்தார் வியாபாரி ஒருவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். ஈப்போ என்றேன். "அதுக்கு முன்னாலங்க?" என்றார். அப்பாவும் அங்கேதான் பிறந்தார் என்றேன். "அதுக்கு முன்னால?" தெரியாது என்றேன். "அது தெரியாம எப்புடீங்க?" என்றவர், அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்பதுபோல் ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் புதிய ஆளிடம் என்ன வேலை என்றுதான் கேட்போம். இங்கே முதலில் நீ எதைச் சேர்ந்தவன் என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் உன்னை வைக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நாற்பது படிவங்கள். வாங்கும்போது தாள்களெல்லாம் மஞ்சள் விரல் ரேகை. நாலு வியாபாரிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வாக்கியத்தைச் சத்தமாகப் படித்து, கலந்து பேசி, நாலு பேரும் ஒரே எண்ணில் வட்டம் போட்டார்கள். தனித்தனியாகப் போட வேண்டும் என்று சிவகாமி சொல்லிப் பார்த்தார். அவர்களில் பெரியவர் சொன்னார்: "அம்மணி, நான் மட்டும் வேற மாதிரி போட்டா, இவிக என்னமோ நான் தனியாக் கணக்குப் போடறேன்னு நெனைப்பாங்க. நாளைக்கு ஏலத்துல எங்கூட யாரு உக்காருவாங்க?"

அதையும் குறித்துக்கொண்டேன், வேடிக்கையான பதில் என்ற தலைப்பில்.

புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அவிநாசியைத் தாண்டி ஒரு நூற்பாலைக்குப் போனோம். பெயர் வேண்டாம். வெளிச்சுவர் நீளம், ஒரே வாசல். உள்ளே வேப்பமரங்கள், சுத்தமான சிமெண்டுப் பாதை. பணியாளர் பிரிவு அதிகாரி நாச்சிமுத்து வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ஐம்பது சொச்சம் வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. இளநீர் வந்தது. வேண்டாம் என்றதும் இன்னொன்று வந்தது.

ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் நாற்பது பேரைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வரிசைக்கு எட்டுப் பேர், ஐந்து வரிசை. எல்லாருக்கும் நீலக் கோட்டு, தலையில் நீலத் துணி. பஞ்சுத் தூசு புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வார்டன் அம்மா கையில் ஒரு பட்டியலோடு நின்று தலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல் முதல் வரிசை இடது ஓரத்தில் தொடங்கி, 101 முதல் 140 வரை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். பிறகு முன்னால் வந்து, எங்கும் சொல்வதைச் சொன்னேன்: பேர் எழுத வேண்டாம், மனதில் தோன்றியதைப் போடுங்கள், இதை ஆலையில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான்காவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "யாருமேங்களா சார்?"

"யாருமே" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். மற்றவர்கள் பக்கத்துத் தாளைப் பார்த்துப் பார்த்து மூன்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தோட்டங்களிலும் இப்படித்தான். நடுவில் உள்ள எண் யாரையும் காட்டிக்கொடுக்காது. இவள் மட்டும் பக்கத்தில் பார்க்கவில்லை. எல்லாரும் முடித்தபிறகும், கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று விட்டிருக்கும் வெற்று வரியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

தாள்களை வாங்கிக்கொண்டிருந்தபோது சிவகாமி அவளிடம் பேசினார். பேர் ரேவதி. இருபத்துநாலு வயது, மூலனூர்ப் பக்கம். விடுதியில் ஐந்து ரேவதிகள் இருப்பதால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, டோக்கன் எண்தான். "நான் எரநூத்திப் பதினேழுங்க" என்றாள். நூல் அறுந்தால் சேர்க்கும் வேலை ஐந்து வருடமாக. விரலில் உருட்டிப் பார்த்தே, எந்தக் கனம், எந்த நம்பர் நூல் என்று சொல்லிவிடுவாளாம். தர ஆய்வு லேப்பில் ஓர் இடம் காலியாகிறது, அடுத்த வாரம் பேர் போடுகிறார்கள், மேஸ்திரி இவள் பேரைத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

"அது கெடைச்சா இன்னும் மூணு வருசம் இருந்துக்கோன்னு அப்பா சொல்லியிருக்காருங்க. இல்லாட்டி ஆவணியில கல்யாணமுங்க."

"மாப்பிள்ளை யாரு கண்ணு?" என்றார் சிவகாமி.

"அத்தை பையனுங்க. ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி அந்தப் புள்ள போயிருச்சுங்க." போய்விட்டாள் என்றால் வீட்டைவிட்டா, உலகத்தைவிட்டா என்று சிவகாமி கேட்கவில்லை.

நாற்பது தாளையும் எண்ணி வரிசைப்படுத்தி, நூல் கட்டி, எப்போதும் போடும் இரட்டை முடிச்சுப் போட்டு, இரண்டு நுனியையும் ஒரே நீளத்துக்கு வெட்டிப் பைக்குள் வைத்தேன். பன்னிரண்டரை ஆகியிருந்தது. நாச்சிமுத்து சாப்பிடக் கூப்பிட்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"பையை எதுக்குங்க தூக்கிட்டு? இங்கயே வெச்சுப்போட்டு வாங்க. ஒறம்பரையாட்ட வந்துட்டு, பையைக் கட்டிப்புடிச்சுட்டு சாப்பிட்டா எங்களுக்கு எப்புடீங்க இருக்கும்?"

விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. பையை அவர் மேசைமேல் வைத்தேன்.

சாப்பாடு அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய், அப்பளம், தயிர். எங்கள் வீட்டில் இதைக் காய்ச்சல்காரனுக்குக்கூடச் செய்ததில்லை. நான்கு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நினைவில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. நாச்சிமுத்து எங்களோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிவிட்டு, ஒரு ஃபோன் வந்ததென்று எழுந்து போனார். அவர் போனபிறகும் பரிமாறுகிறவர் எங்களை விடவில்லை. மொத்தம் ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்ததும் படிவக் கட்டை எடுத்தேன். தாள் எண்ணிக்கை சரியா என்று ஒருமுறை பார்ப்பது வழக்கம். முடிச்சு என்னுடையது இல்லை. பூ முடிச்சு. ஒரு நுனி மற்றதைவிட நீளம்.

நாற்பது தாளும் இருந்தன. 126-க்குப் பிறகு 128 இருந்தது. 127 கடைசியில், 140-க்குக் கீழே இருந்தது.

சிவகாமியிடம் காட்டினேன். அவர் தாள்களை வாங்கிப் புரட்டினார். பிறகு, பேர் இல்லையே, யார் தாள் என்று எப்படித் தெரியும் என்றார். எனக்கு அப்போதுதான் அந்தக் கூடம் கண்ணில் வந்தது. வார்டன் அம்மாவின் கையில் பட்டியல். அவர்களை எப்படி உட்கார வைத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. சிவகாமிக்கு அந்த வார்டனைத் தெரியும். அவர் மகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். பஸ்ஸிலிருந்தே ஃபோன் போட்டுக் கேட்டார். டோக்கன் வரிசையில்தான் உட்கார வைத்தார்களாம். தினமும் கணக்கெடுக்கும்போது உட்காருவதுபோல.

முதல் வரிசை இடது ஓரம் 101. இருபத்தேழாவது ஆள் 127. என் எண்ணையும் அவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு சின்னக் குழந்தைகூடப் பேரைக் கண்டுபிடித்துவிடும்.

127-ஐ எடுத்துப் படித்தேன். பதினொரு வாக்கியத்துக்கு ஐந்து. ஒன்றுக்கு மட்டும் மூன்று. அறுபதுக்கு ஐம்பத்தெட்டு. கீழே விட்டிருந்த வரியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: 'லேப்பில் வெள்ளைக் கோட்டு கொடுப்பார்கள். இங்கே வெள்ளைக் கோட்டு நான் ஒருத்திதான் போட்டிருப்பேன். தூரத்தில் வரும்போதே நான்தான் என்று தெரியும்.'

உடனே திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். சிவகாமி யோசித்தார். "இப்பப் போயிக் கேட்டமுன்னா, இல்லாததையும் சேத்து இருக்குதுன்னு ஆக்கிருவாங்க சார். பாக்கலாமுங்க. சும்மா பாத்துப்போட்டு வெச்சிருக்கலாம்." நானும் அப்படி நினைக்கவே விரும்பினேன். எதுவும் செய்யாமல் இருக்க அது வசதியான நினைப்பு. அவிநாசியில் டீ குடித்தோம். கூட வாங்கிய பன் காய்ந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை வெளியே போகவில்லை. விடுதியில் உட்கார்ந்து அதுவரை வந்த நூற்று நாற்பது படிவங்களின் மொத்தத்தையும் கூட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பேன். இந்த முறை மூன்று தடவை. வேறு யாரும் ஐம்பத்தெட்டை எட்டவில்லை. ஈப்போவிலும் இவ்வளவு பார்த்ததில்லை. மதியம் தயிர்ச்சாதம் வரவழைத்துப் பாதி வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்குச் சிவகாமி ஃபோன் செய்தார். வார்டன் சொன்னாராம்: புதன்கிழமை சாயங்காலமே ரேவதியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். லேப் வேலை வேறு ஒரு பெண்ணுக்கு. ரேவதியின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறார். "அம்மணிக்கு என்ன ஏதுன்னு யாரும் சொல்லலீங்களாம் சார். உனக்கு இந்த எடம் ஒத்து வராது கண்ணு, அப்படீன்னு மட்டும் சொல்லியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நாங்கள் அந்த வாசலில் நின்றோம். நாச்சிமுத்து அன்றும் வாசலுக்கு வந்தார். அன்றும் இளநீர். நான் தொடவில்லை.

படிவக் கட்டைப் பிரித்துப் படித்தீர்களா என்று கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

"பாத்தமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க புள்ளைக மனசுல என்ன இருக்குதுன்னு எங்களுக்கும் தெரியணுமல்லங்க? நாங்க அவிக அப்பா அம்மாவுக்குப் பொறுப்பு."

யாருக்கும் தெரியாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். அது உங்கள் வாக்கு, நான் கொடுக்கவில்லையே என்றார், குரலை உயர்த்தாமல். போன வருடம் ஒரு பெண் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, சோறு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். அவளைப் பற்றி யாருக்கும் முன்னால் தெரிந்திருக்கவில்லையாம். அதிலிருந்தே இந்த மாதிரிப் பெண்களை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழி தேடிக்கொண்டிருந்தாராம்.

நான் விளக்கினேன். இந்தப் படிவம் யார் தகராறு செய்வார்கள் என்று சொல்லாது; ஒரு மனிதருக்குள் இருக்கும் ஓர் ஆசையை மட்டும் காட்டும்; ஆசை இருப்பதால் அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். பதினொரு வருடமாக நான் செய்யும் வேலையை முதல் தடவையாக ஒருவருக்கு விளக்குவதுபோல் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"செரீங்க. நீங்க படிச்சவங்க, சொன்னா இருக்கும். ஆனா பாருங்க, நாப்பது பேருல முப்பத்தொம்பது பேரு ஒரு மாதிரி, ஒண்ணு மட்டும் ஒரு மாதிரி. நாங்க வருசக்கணக்கா கண்டுபுடிக்க முடியாததை நீங்க ஒரு மணி நேரத்துல நம்பர் போட்டுக் குடுத்துப்போட்டீங்க. உங்களுக்குத்தானுங்க நன்றி சொல்லணும்."

கையெடுத்துக் கும்பிட்டார். கேலி இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். நானும் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டேன். அந்த இரண்டு கைகளையும் கீழே இறக்கியபோது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் ஆலை வாசலிலிருந்து ஐம்பது அடி. ரேவதி அங்கே ஒரு பையோடும் ஒரு பக்கெட்டோடும் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டு இல்லை, பச்சைச் சுடிதார். முதலில் எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சிவகாமிதான் காட்டினார். பக்கத்தில் அவள் அப்பா, ஒல்லியான ஆள், தோளில் துண்டு. சிவகாமி அவரிடம் பஸ் நேரம் கேட்பதுபோல் தள்ளிக் கூட்டிப்போனார்.

நாச்சிமுத்து தாள்களைப் பார்த்துவிட்டதையும், எண்ணை வைத்து அவளைக் கண்டுபிடித்ததையும், அந்த எண்ணைப் போட்டது நான்தான் என்பதையும் ரேவதியிடம் சொன்னேன்.

"நம்பரு தெரியுமுங்க. மூலையில இருந்துச்சு, பாத்தேன். யாரும் பாக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னீங்க. அதனாலதானுங்க போட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு பக்கெட்டைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, "எனக்கு எத்தனைங்க சார்?" என்றாள்.

யாருக்கும் மொத்தத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. ஐம்பத்தெட்டு என்றேன்.

"அது ரொம்பங்களா?"

நான் வாங்கியதிலேயே அதிகம் என்றேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பரீட்சையில் மார்க்கு வந்த பெண்போல. பிறகு சிரிப்புப் போய்விட்டது.

"ஒண்ணுல மட்டும் மூணு போட்டிருந்தனுங்களே. அதை அவரு பாக்கலீங்களா?"

எதில் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை கூட்டியிருந்தேன். ஏழாவது வாக்கியம்: 'பலரோடு சேர்ந்து இருக்கும்போது என்னை நான் இழந்துவிடுவதாக உணர்கிறேன்.'

"அது எனக்கு அப்படி இல்லீங்க. எங்க ரூம்ல பன்னெண்டு பேருங்க. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா பதினோரு பேரும் முழிச்சிருப்போம். அதெல்லாம் எனக்குப் புடிக்குமுங்க. அவிகளை உட்டுட்டுப் போகணும்னு நான் எங்கயும் எழுதலீங்க. கோட்டு மட்டுந்தானுங்க கேட்டேன்."

அந்தத் தாளை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். தரக் கூடாது. பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் நான் இழந்த முதல் தாள் அது. அவள் அதை நான்காக மடித்து, பக்கெட்டில் சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

பஸ் வந்தது. அவள் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று சிவகாமி சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "ஆவணியில கல்யாணமுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பீங்கன்னா நீங்களும் அவசியம் வரணுமுங்க" என்றார். வருகிறேன் என்றேன். ரேவதி சன்னலோரம் உட்கார்ந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபிறகு அதில் இருந்த பச்சைச் சுடிதார்களில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி, ஆலையில் எடுத்த நாற்பது படிவங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆறு பத்துக்கே பதில் வந்தது. நடந்தது வருந்தத்தக்கது, ஆனால் படிவங்கள் முறையாகத்தான் நிரப்பப்பட்டிருக்கின்றன, நீக்கக் காரணம் இல்லை, ஐம்பத்தெட்டு எடுத்தவரைப் பற்றிக் கூடுதல் விவரம் கிடைத்தால் அனுப்பவும்.

சிவகாமி விடுதியிலிருந்து கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய்நார் ஆலைக்கு நாங்கள் போக வேண்டியிருந்தது. "நம்பர் இல்லாம இருந்தா வாரனுங்க சார். இருந்தா வரலீங்க." நான் சரி என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். முகச்சவரம் செய்யவில்லை, குறிப்பைப் படிக்கவில்லை. முதல் வேலையாக, மீதி இருந்த அறுபது படிவங்களையும் மேசைமேல் அடுக்கி, ரப்பரை எடுத்து, 141-இல் தொடங்கி ஒவ்வொன்றாக மூலையில் இருந்த எண்ணை அழித்தேன். இருநூறு வரை முடிந்தபோது வெளியே விடிந்திருந்தது. ஒரு தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் போயிருந்தது. அழுத்தின பள்ளத்தில் எண்ணை அப்படியே படிக்க முடிந்தது.